கேக் மேல இருக்கறது செர்ரி இல்லீங்கோ!

போன வாரம் பக்கத்து வீட்டுக் குட்டிப்பொண்ணுக்குப் பிறந்தநாள். கேக் மேல இருந்த சிவப்பு 'செர்ரி'யைக் கையில எடுத்து, "அங்கிள், இது எந்த நாட்டுல காய்க்கும்?"னு கேட்டா. நம்ம பேக்கரிகள்ல செர்ரின்னு வர்றது பல நேரம் சாயமும் சர்க்கரைப்பாகும் ஏத்தின களாக்காய்தான்னு சொன்னேன். நம்பலை. மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போய் என் களாச்செடியைக் காட்ட வேண்டியதாப் போச்சு :-)

அந்தச் செடிக்கு ஒரு சோகக்கதை இருக்கு. சில வருஷம் முன்னாடி சேலையூர் பக்கம் ஒரு காலி மனை. வேலி முழுக்க களா. கறுப்பாப் பழுத்ததைத் தின்னுட்டு, விதையை மட்டும் கைக்குட்டையில முடிஞ்சு வந்தேன். பாதியை அன்னிக்கே தொட்டியில போட்டேன். மீதியை அடுத்த மழைக்கு ஆகும்னு தீப்பெட்டியில பத்திரப்படுத்தினேன் (புத்திசாலியாம்!). தொட்டியில போட்டது மூணு வாரத்துல முளைச்சுது. தீப்பெட்டி விதை ஒண்ணுகூட முளைக்கலை. சரி, மறுபடி பறிச்சுக்கலாம்னு போனா புதரே இல்லை. இப்ப அங்க நாலு மாடி ஃப்ளாட், கார் நிக்குது.

நான் சொல்ல வந்தது இதுதான். களா விதை நெல்லு மாதிரி இல்லை. காய்ஞ்சா சீக்கிரமே உயிர் போயிடும். 'அப்புறம் பாத்துக்கலாம்'ங்கற பேச்சே அதுகிட்ட செல்லாது. செடி உயிரோட நின்னாத்தான் அடுத்த செடி. ஆனா நாம என்ன பண்றோம்? புதர்னாலே குப்பை, பாம்பு வரும்னு பொக்லைன் விட்டு 'சுத்தம்' பண்றோம். தாம்பரத்தோட சொந்தக் காடே முள்ளுப் புதர்க்காடுதாங்க. களா, சூரை, காரை எல்லாம் அதோட பிள்ளைங்க. நன்மங்கலம் காப்புக்காட்டுலயும் கிறித்துவக் கல்லூரி வளாகத்துலயும் மிச்சம் இருக்கறது அதுதான். மரம் நடுவிழாவுல இதுங்களை யாரும் சீந்தறதில்லை. போட்டோவுக்கு நல்லா இருக்காதே!

முள்ளு குத்துமேன்னு தங்கமணியும் கேட்டாங்க. குத்தும்தான். அதனாலதான் அந்தக் காலத்துல அதை வேலியா வெச்சாங்க. காம்பவுண்ட் ஓரமா வெச்சா ஆடு, மாடு உள்ள வராது, ஊறுகாய்க்குக் காயும் ஆச்சு.

செய்முறை ரொம்ப சுலபம். நல்லாப் பழுத்த பழம் வேணும், ஊறுகாய்க்கு விக்கற பச்சைக்காய் விதை உதவாது. சதையைக் கழுவிட்டு அன்னிக்கே அரை அங்குல ஆழத்துல போடுங்க. தண்ணி தேங்கக்கூடாது. இலந்தைக்கு வேற வைத்தியம்: கொட்டையை ஓட்டோட போட்டா மூணு நாலு வாரம், பக்குவமா உடைச்சுப் பருப்பைப் போட்டா ஒரே வாரம்.

எனக்கு மூணாவது வருஷம் காய்ச்சுது. மொத்தம் பதினோரு பழம். ஏழு கொண்டைக்குருவிக்கு, நாலு எங்களுக்கு. குருவி தின்ன விதை எந்தக் காம்பவுண்டுல விழுந்து முளைக்குதோ! அங்கயாவது யாரும் பிடுங்காம விட்டா சரி.

டிஸ்கி: பழம் பறிக்கறேன்னு காப்புக்காட்டுக்குள்ள போயிடாதீங்க, சட்டப்படி குத்தம். ஏரிக்கரை, ரோட்டோரப் புதரே போதும். அதுவும் இருக்கற வரைக்கும்.