எடுக்க மறந்த குழாய்

சுங்காயில் பால்மரம் வெட்டிய தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். ஊரில் தங்கிவிட்ட தாத்தா பாட்டிகளுக்கு இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, முட்டிவலி. முடியாமல் போனால் முதலில் சுகாதாரக் கிளினிக். அங்கே தீராவிட்டால் ஸ்லிம் ரிவர் அல்லது தாப்பா. அதையும் தாண்டினால் ஈப்போ பெரியாஸ்பத்திரி. நம் நாட்டில் எந்த ஊர் முதியவரை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு பாதை இருக்கும். அந்தப் பாதையில் எங்கேயோ ஒரு கட்டிலில் சிறுநீர் போவதற்கு ஒரு குழாயைச் செருகிவிடுகிறார்கள். செருகுவதற்குக் காரணம் இருக்கும். ஆனால் காரணம் தீர்ந்த பிறகும் அது எடுக்கப்படுவதில்லை. இந்தத் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

அந்தக் குழாய்களில் பெரும்பாலானவை ரப்பர் பாலில் செய்தவை. அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ஃபோலி 1930-களில் வடிவமைத்ததால் அவர் பெயரிலேயே ஃபோலி குழாய் என்கிறார்கள். ரப்பர் குழாய் ஏற்றுமதியில் மலேசியா உலகில் முன்னணியில் நிற்கும் நாடு. விடியற்காலை இருட்டில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு பால் எடுத்த கிழவியின் உடம்புக்குள்ளேயே அந்தப் பால் குழாயாகத் திரும்பி வருகிறது. அதைச் சொல்லி யாரையும் அழ வைப்பது நம் நோக்கமில்லை. உள்ளே போன குழாய் எத்தனை நாள் இருக்கலாம் என்ற கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

கணக்கு எளியது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு. ஒரு மாதம் விட்டு வைத்தால் ஏறத்தாழ எல்லோரிடமும் கிருமி இருக்கும். தோட்டத்துக் காணில் படியும் பாசியைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் சுவரிலும் கிருமிகள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி வழுவழுப்பான போர்வை போட்டுக்கொள்கின்றன. ஆன்டிபயாடிக் அந்தப் போர்வைக்குள் சரியாகப் போவதில்லை. குழாயை மாற்றாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், மருந்துக்குத் தப்பிய கிருமிகளைப் பொறுக்கி வளர்க்கும் நாற்றங்கால் ஒன்றைத்தான் நாம் நடத்துகிறோம்.

அடுத்து நடப்பது இன்னும் மோசம். சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். கிருமி இருக்கிறது என்று தாள் வருகிறது. வராமல் என்ன செய்யும்? நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, அடிவயிற்றில் வலி இல்லை. இப்படி அறிகுறி எதுவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால், கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் தவிர மற்றவர்களுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பது மருத்துவ உலகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பாடம். ஆனாலும் தாளைப் பார்த்த கை பேனாவைத் தேடுகிறது. ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்காமல் தாளுக்கு வைத்தியம் நடக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டத்து டிரசர் காய்ச்சலோ கடுப்போ எதுவானாலும் ஒரே மிக்ஸரைக் கலக்கிக் கொடுத்தார் என்று நாம் இன்றும் கேலி பேசுகிறோம். அவரிடம் இருந்தது ஒரு போத்தல். இன்று அலமாரி நிறைய மருந்து இருக்கிறது, பரிசோதனைக் கூடமும் இருக்கிறது. அவருக்கு இருந்த சாக்கு இவர்களுக்கு இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குளிர்காய்ச்சலோடு, ரத்த அழுத்தம் சரிந்து, நினைவு தப்பி வரும் நோயாளிக்குப் பரிசோதனை முடிவுக்காக இரண்டு மூன்று நாள் காத்திருக்க முடியாது. உடனே மருந்து ஏற்றத்தான் வேண்டும். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மருந்து ஏற்றுவதற்கு முன் சிறுநீரை எடுத்து அனுப்புவதும், முடிவு வந்ததும் அதைப் படித்துக் கடும் மருந்திலிருந்து எளிய மருந்துக்கு இறங்கி வருவதும் அந்த அவசரத்தின் மறுபாதி. அதைச் செய்யாமல் விடுவது பாதி வேலையைச் செய்துவிட்டு முழுச் சம்பளம் வாங்குவதற்குச் சமம்.

தேவையில்லாமல் எழுதும் மருந்தின் விலையைக் கொடுப்பவர் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர். சிறுநீர்த் தொற்றுகளில் மிகப் பெரும்பகுதிக்குக் காரணம் ஈ.கோலை. நம் குடலிலேயே குடியிருக்கும் கிருமி அது. ஒருவருக்குத் தேவையில்லாமல் கொடுத்த மருந்து அவருடைய குடலில் எதிர்ப்புச் சக்தியுள்ள கிருமியை மிச்சம் வைக்கிறது. கையாலும் கழிப்பறையாலும் அது ஊருக்குள் போகிறது. வழக்கமான செஃபலோஸ்போரின் ஊசிகளை உடைத்துப்போடும் கிருமிக்கு மெரோபெனம் வேண்டியிருக்கிறது. அதுவும் தோற்றால், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பழைய கோலிஸ்டினைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். இனிப்புநீரால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதான பாட்டிக்கு அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. நம் சமூகத்தில் இனிப்புநீர் எவ்வளவு என்பதும் தெரிந்ததே. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம்.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதும் அல்ல. 2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீர்த் தொற்றில்தான் மெரோபெனம் உள்ளிட்ட கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதி முதலில் பிடிபட்டது. 2010-இல் வெளிவந்த ஆய்வில் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. டெல்லிக்கு வந்த கோபமெல்லாம் அந்த நொதிக்குத் தன் பெயரை வைத்துவிட்டார்களே என்பதில்தான். மருத்துவச் சங்கங்களை 2012-இல் ஒன்றுகூட்டிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட வைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். அதன் பிறகு 2014 மார்ச் மாதம்தான் மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் மருந்து விற்பதைக் கட்டுப்படுத்தும் எச்1 பட்டியல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் சட்டம் அதைவிட மூத்தது. 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் மருத்துவர் எழுதித் தராமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது. கோழி, பன்றித் தீனியில் கோலிஸ்டின் கலப்பதை 2019 ஜனவரி 1 முதல் அரசாங்கம் தடை செய்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் தனியார் கிளினிக்கில் எழுதுபவரும் விற்பவரும் ஒருவரே. எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சீட்டுக்காகப் போன தொழிலாளிக்குச் சளி மருந்தோடு நாலு கேப்சூலும் பையில் விழுகிறது. அவர் இரண்டு சாப்பிட்டு, இரண்டை அத்தைக்கு நீர்க்கடுப்பு என்று கொடுத்துவிடுகிறார். மருந்தைக் குறைவாகச் சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் மேடையிலேயே எச்சரித்தார். இந்த எதிர்ப்புக் கிருமிகளே நேரடிக் காரணமாக 2019-ஆம் ஆண்டில் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக லான்செட் ஆய்வு கணக்கிட்டது.

குடும்பத்தாரும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. குழாய் இருந்தால் பெம்பர்ஸ் மாற்ற வேண்டாம், ராத்திரி எழுந்து கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். "இருக்கட்டும் மிஸ்ஸி, இப்படியே இருக்கட்டும்" என்று தாதியிடம் சொல்லும் மகன்களையும் மருமகள்களையும் வார்டுகளில் பார்க்கிறோம். அவர்கள் களைப்பு நமக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறு. பெற்ற தாயின் மூத்திரப்பையில் நம் சௌகரியத்துக்காக ஒரு குழாயை விட்டுவைப்பது பாசத்தில் சேராது.

ஆனால் பெரிய குற்றம் குடும்பத்துடையதல்ல. குழாயைப் போடத் தெரிந்தவரே அதை எடுக்கவும் தெரிந்தவர். மருந்தை எழுதும் அதிகாரம் உள்ளவருக்கே எழுதாமல் இருக்கும் அதிகாரமும் உண்டு. வார்டு நிரம்பி வழிகிறது, ஆள் பற்றாக்குறை, இளம் டாக்டருக்குத் தூக்கமில்லை என்பதெல்லாம் உண்மை. அவை மறதியை விளக்குகின்றன, மன்னிக்கச் சொல்லவில்லை. அறிகுறியில்லாத நோயாளிக்குக் காரணமில்லாமல் ஆன்டிபயாடிக் எழுதுவதும், தேவை முடிந்த குழாயை நாள் கணக்கில் விட்டுவைப்பதும் கவனக்குறைவு என்ற பெயரில் ஒளிந்துகொள்ளக் கூடாது. இரண்டும் நோயாளிக்கு இழைக்கப்படும் தீங்கு. சுகாதார அமைச்சு அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டிலின் அட்டையிலும் குழாய் போட்ட தேதியும் காரணமும் எழுதப்பட வேண்டும். காரணம் தீர்ந்ததும் டாக்டர் வரும்வரை காத்திராமல் தாதியே அதை எடுக்க வழிமுறை வேண்டும். இதற்குப் புதிய இயந்திரம் தேவையில்லை, ஒரு பேனா போதும்.

அதுவரை, ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்களே, ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுபோகிற கையோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள். "டாக்டர், இந்தக் குழாய் இன்னும் தேவையா?" என்று தமிழில் கேட்டால் புரியாது என்றால் மலாயிலேயே கேளுங்கள்: "டோக்டர், தியூப் இனி மசிஹ் பெர்லுகா?"