செம்பைப் பித்தளையாக்கும் ஸ்லைடர்

கல்யாண ஆல்பமோ துணிக்கடை விளம்பரமோ, படத்தைத் திருத்த உட்காருபவர் முதலில் இழுப்பது பிரைட்னஸையும் சாச்சுரேஷனையும்தான். “நிறத்தையா மாற்றுகிறோம்? இருப்பதைத் தூக்கித்தானே காட்டுகிறோம்?” என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் இடிக்கிறது.

ஒரு செம்புக் குடத்தின் ஒற்றைப் புள்ளி: சிவப்பு 200, பச்சை 120, நீலம் 60. மூன்றையும் ஒன்றரை மடங்காக்கினால் 300, 180, 90. விகிதம் மாறவில்லை, சாயலும் மாறாது. ஆனால் எட்டு பிட் படத்தில் 255-க்கு மேல் இடமில்லையே! சிவப்பு கூரையில் முட்டி நிற்க, மற்ற இரண்டும் தடையின்றி ஏறிவிடுகின்றன. நிறச் சக்கரத்தில் 26 பாகையில் இருந்த சாயல் 33-க்கு நகர்கிறது. செம்பு பித்தளையாகத் தொடங்குகிறது. மணப்பெண்ணின் கன்னத்துக்கும் இதே கதிதான்.

‘விவரம் கூடும்’ என்பார்கள். ரோஜா இதழில் சிவப்பு ஏற்கெனவே உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சாச்சுரேஷனைக் கூட்டியதும் மடிப்புக்கு மடிப்பு இருந்த வித்தியாசம் 255-இல் சமமாகிப் போகிறது.

இன்னும் சிலர், நிறத்தைச் சாயல், செறிவு, வெளிச்சம் என்று பிரிக்கும் எச்எஸ்வி முறையில் சாயல் எண்ணைத் தொடாமல் விட்டால் போதும் என்கிறார்கள். ஆல்வி ரே ஸ்மித் 1978-இல் வெளியிட்ட அந்த முறை கணினிக்கு வசதியானது, கண்ணுக்கு அல்ல. தூய மஞ்சளுக்கும் தூய நீலத்துக்கும் அது ஒரே வெளிச்ச மதிப்பைத் தருகிறது! நீலத்தில் வெள்ளையைக் கலந்தால் சாயல் எண் 240-இலேயே இருக்கும். கண்ணுக்கோ ஊதா தட்டும். ஆப்னி விளைவு என்று இதற்குப் பெயர்.

‘வேறு வழி ஏது?’ என்பது கடைசி வாதம். வழி 2003-லேயே வந்துவிட்டது. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நாயக், மூர்த்தி இருவரும், வெளிச்சத்தைக் கூட்டும்போது புள்ளியை நேராகப் பெருக்காமல், 255-லிருந்து அதற்குள்ள குறையைச் சுருக்கினார்கள். அதே குடப் புள்ளி, சராசரி வெளிச்சம் அதே ஒன்றரை மடங்காகும்போது, 227, 187, 156 ஆகிறது. எதுவும் கூரையில் முட்டவில்லை, சாயலும் அதே 26. ஆனால் செறிவு 70 சதவீதத்திலிருந்து 31-க்கு விழுந்து, குடம் வெளிறிவிடுகிறது.

ஆக, ஸ்லைடரை இழுப்பவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. இழந்த செறிவை மீட்கத்தான் வேண்டும். எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவாக அல்ல, ஒவ்வொன்றுக்கும் கூரை வரை எவ்வளவு இடமிருக்கிறது என்று பார்த்து. லைட்ரூமில் சாச்சுரேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வைப்ரன்ஸ் ஏறக்குறைய இந்தப் போக்கில் வேலை செய்கிறது: வெளிறிய நிறங்களை அதிகம் தூக்கும், ஏற்கெனவே செறிந்தவற்றையும் தோல் நிறத்தையும் அவ்வளவாகத் தொடாது.