எந்த நாய் கடிக்கும்? யார் சொல்வது?

தெரு நாய் விவகாரத்தில் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. பிடித்த நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும்; வெறிநோய்த் தடுப்பு ஊசி போட வேண்டும்; பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஆனால் இரண்டு வகை நாய்களைத் திரும்ப விடக் கூடாது என்றது. ஒன்று, வெறிநோய் கண்ட நாய். இன்னொன்று, மூர்க்கமான நாய்.

முதல் வகையை டாக்டர் பார்த்துக்கொள்வார். இரண்டாவதை யார் பார்ப்பது? "இது மூர்க்கம், இது சாது" என்று முத்திரை குத்துவது யார்? வண்டியில் வந்து பிடிப்பவரா? புகார் கொடுத்த எதிர் வீட்டுக்காரரா? தினமும் பிஸ்கட் போடும் அம்மாளா?

தப்பாகப் பிடித்து வைத்தால் ஒரு சாதுவான நாய்க்கு ஆயுள் தண்டனை. தப்பாக விட்டுவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் காலுக்கு ஆபத்து.

வால் ஆட்டினால் நட்பா?

நாய் வாலை ஆட்டினால் பயமில்லை என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. உடம்பை விறைத்து, வாலை உயரத் தூக்கி வெடுக்கு வெடுக்கென்று ஆட்டும் நாய் பாயவும் தயாராக இருக்கலாம். வாலைக் காலுக்குள் சுருட்டி மூலையில் ஒடுங்கும் நாயை "ஐயோ பாவம்" என்று தொடப் போனால், அது பயத்திலேயே கடித்துவிடும். குட்டி போட்ட நாய் கொஞ்ச நாளைக்குச் சீறத்தான் செய்யும். அடிபட்ட நாயும் அப்படித்தான். இன்றைக்குக் கூண்டில் அடைத்த நாய் உறுமுகிறது என்பதற்காக, தெருவிலும் அது உறுமிக்கொண்டுதான் திரிந்தது என்று எழுதிவிட முடியுமா?

இதற்கெல்லாம் தனிப் படிப்பே இருக்கிறது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த மூன்று பேருக்கு 1973-ல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். அதில் ஒருவர் தேனீயின் நடனத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்தவர்.

கோழி சொன்ன தீர்ப்பு

பிரிட்டனில் நடந்த சங்கதியைக் கேளுங்கள். பண்ணை மிருகங்கள் படும் பாட்டைப் பற்றி ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி 1964-ல் ஒரு புத்தகம் எழுதினார். நாடே கொதித்தது. அரசாங்கம் பிராம்பெல் என்ற பேராசிரியர் தலைமையில் கமிட்டி போட்டது. 1965-ல் அறிக்கை வந்தது. நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள, கை காலை நீட்ட விலங்குக்கு இடம் வேண்டும் என்றது. நியாயமான பேச்சு.

கூடவே இன்னொன்றும் சொன்னது. கோழிக் கூண்டின் தரையில் மெல்லிய கம்பி வலை போடாதே, காலை உறுத்தும் என்றது.

1973-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கோழியையே கேட்டுவிட்டார்கள்! பல வகைத் தரைகளைப் போட்டு, எதில் போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். கமிட்டி வேண்டாம் என்ற அதே மெல்லிய வலையில்தான் கோழி அதிகம் நின்றது. நெருக்கமான கம்பி பாதத்தைப் பல இடத்தில் தாங்குகிறதாம். கமிட்டியில் இருந்தவர்கள் நல்லவர்கள்தான், படித்தவர்கள்தான். கோழி ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவே.

அதன் பிறகு இது பல்கலைக்கழகப் பாடமாக வளர்ந்தது. 1986-ல் கேம்பிரிட்ஜில் விலங்கு நலத்துக்கென்றே ஒரு பேராசிரியரை நியமித்தார்கள். 1990-ல் எடின்பரோவில் விலங்கு நடத்தை, நலம் இரண்டையும் சேர்த்து ஒரு வருட எம்.எஸ்சி. வந்தது.

வேப்பேரியில் என்ன குறை?

நமக்கும் கல்லூரிக்குப் பஞ்சம் இல்லை. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. கால்நடைப் பல்கலைக்கழகம் 1989-ல் வந்தது. டாக்டர் படிப்பு, பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். மாடு, ஆடு, கோழி, மருந்து, கத்தி என்று அத்தனையும் படித்தாக வேண்டும். நடத்தைப் பாடம் அதற்குள் ஒரு மூலையில்தான் உட்கார முடியும். ஆபரேஷன் மேஜைக்கு நாய்கள் வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொன்றின் குணத்தையும் நாள்கணக்கில் கவனிக்க அந்த டாக்டருக்கு ஏது நேரம்?

போதாக்குறைக்கு 2025 நவம்பர் 7-ந் தேதி இன்னோர் உத்தரவும் வந்தது. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடித்த நாய்களை மறுபடி அங்கே விடக் கூடாது. அப்படியானால் காப்பகம்தான். முன்பின் பழகாத நாய்களை ஒரே கொட்டடியில் தள்ளினால் ராத்திரி முழுக்கச் சண்டைதான். எதை எதோடு விடலாம் என்று சொல்லவும் படித்த ஆள் வேண்டும்.

விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு கிளார்க் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும் பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். இரண்டு வருடம் நடத்தைப் படிப்பு, கையில் ஒரு சான்றிதழ், மாநகராட்சி மண்டலத்துக்கு ஓர் உத்தியோகம் என்று அறிவித்துப் பாருங்கள். விண்ணப்பம் வாங்க மறுநாள் காலையிலேயே வரிசை நிற்கும்.