கோல்ஃப் கிளப் மெம்பர்ஷிப்புக்கும் இஎம்ஐ: மாதாமாதம் கட்டுவது கிளப்புக்கா, கடன் கொடுத்தவருக்கா?

காந்திபுரத்துக்குத் தவணை புதிது இல்லை. கிராஸ்கட் ரோட்டில் நகைச் சீட்டு கட்டாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போன், ஃப்ரிட்ஜ், பைக் எல்லாம் இஎம்ஐ-க்குப் போய் பல வருஷம் ஆகிறது. இப்போது பொருளே இல்லாத ஒன்றுக்கும் தவணை வந்திருக்கிறது. அதுதான் மெம்பர்ஷிப். ஜிம், ஹாலிடே கிளப் என்று தொடங்கி கோல்ஃப் கிளப் வரை, "மொத்தமா கட்ட வேண்டாங்க, மாசம் இவ்வளவுதான்" என்ற ஒரே வசனம்தான்.

கோவையில் கோல்ஃப் என்றால் செட்டிபாளையம். அங்குள்ள கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானத்தை, பக்கத்திலேயே இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ரேஸ் பார்க்கப் போனவர்கள் கவனித்திருக்கலாம். ஒருகாலத்தில் மில் முதலாளிகள், பம்ப் கம்பெனிக்காரர்களின் விளையாட்டாகப் பார்க்கப்பட்ட கோல்ஃப், இன்று சரவணம்பட்டி, பீளமேடு ஐடி மேனேஜர்களின் ஆசைப் பட்டியலிலும் இருக்கிறது. ஆட்டத்தைவிட அங்கே கிடைக்கும் பழக்கவழக்கம் பெரிது என்று நினைப்பவர்களும் உண்டு. சரி, அது அவரவர் விருப்பம். இங்கே கேள்வி பணத்தைப் பற்றியது.

கட்டணம் ஒன்று அல்ல

கிளப்புக்குக் கிளப் விதி மாறும் என்றாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். சேரும்போது ஒருமுறை கட்டும் நுழைவுக் கட்டணம். அதற்குப் பிறகு மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா. ஆடும்போதெல்லாம் கேடி கட்டணம் போன்ற செலவுகள் (இந்தக் கேடி ரவுடி இல்லை, கோல்ஃப் பையைச் சுமந்து வருபவர்). இதில் லட்சங்களில் போவது நுழைவுக் கட்டணம். பொதுவாக அதைத் திருப்பித் தர மாட்டார்கள். நினைத்தபடி இன்னொருவருக்கு விற்றுவிட்டு வெளியேறவும் முடியாது.

பைக் தவணை கட்ட முடியாமல் போனால் பைக்கை விற்றுக் கடனை அடைக்கலாம். நகையை அடகு வைக்கலாம். கிளப் மெம்பர்ஷிப்பை எந்தச் சேட்டுக் கடையிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. உறுப்பினர்களே நடத்தும் கிளப், தன் உறுப்பினருக்கே செய்யும் சேவைக்கு எதற்கு வரி என்பது பழைய வழக்கு. கல்கத்தா கிளப் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் கிளப்புகள் பக்கம் நின்றது. அது பழைய சேவை வரி காலத்து விவகாரம். ஜிஎஸ்டி-யில் அந்த வாதம் எடுபடாதபடி 2021-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலை முதலே செல்லும் என்றது. அந்தத் திருத்தம் செல்லாது என்று 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஜிம்களுக்கு மட்டும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது.

சொந்தமாக யூனிட் நடத்தும் கோவைக்காரர்கள் வழக்கமாகக் கேட்பது, "கம்பெனி பேர்ல கட்டி இன்புட் எடுத்துக்கலாமா?" முடியாது. கிளப், ஜிம் உறுப்பினர் கட்டணத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு பொதுவாகச் சொல்லிவிடுகிறது.

ஒரே வார்த்தை, இரண்டு வேறு ஒப்பந்தம்

"மாதத் தவணை" என்று சொல்லும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது.

முதல் வகையில் கிளப்பே கட்டணத்தைப் பிரித்து மாதாமாதம் வாங்கிக்கொள்கிறது. யுபிஐ ஆட்டோபே அல்லது கார்டு மூலம் பணம் போகும். உறுப்பினர் நின்றுவிட்டால் பிரச்சினை அவருக்கும் கிளப்புக்கும் இடையில் மட்டுமே. ஆட்டோபேயை ஆப்பிலேயே ரத்து செய்யலாம். கிளப் விதிப்படி பாக்கியைக் கேட்கலாம், உறுப்பினர் உரிமையை நிறுத்தலாம். விஷயம் பெரும்பாலும் அதோடு முடியும்.

இரண்டாம் வகையில் நடுவில் ஒரு வங்கி அல்லது நிதி நிறுவனம் வருகிறது. அது கிளப்புக்கு முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிடும். உறுப்பினர் மாதாமாதம் கட்டுவது அந்த நிறுவனத்துக்கு. அதாவது இது சந்தா இல்லை, பர்சனல் லோன். பிரிட்டனில் கோல்ஃப் கிளப் ஆண்டுக் கட்டணத்தை இப்படி வசூலிப்பது சாதாரணம். ப்ரீமியம் கிரெடிட் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. கிளப்புக்கு முழுப் பணமும் கையில், வசூல் தலைவலி இல்லை. அதனால்தான் விற்பவருக்கு இந்த இரண்டாம் வகை பிடிக்கிறது.

போன் திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: "மாதம் ரூ. இவ்வளவு, தொடரவும்."

வித்தியாசம் தெரிவது ஏதாவது தப்பாகும்போதுதான். வேலை பெங்களூருக்கு மாறிவிட்டது, முதுகுவலி வந்துவிட்டது, கிளப்பே சரியில்லை, எதுவானாலும் சரி. கடன் கொடுத்தவருக்கு அது சம்பந்தமில்லாத கதை. வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் இ-நாச் திரும்பினால் பவுன்ஸ் கட்டணம், சிபில் ஸ்கோரில் அடி. செக் பவுன்ஸ் போலவே மின்னணுப் பற்று திரும்பினாலும் வழக்குப் போட 2007-ம் ஆண்டின் பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-வது பிரிவில் இடம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய பிரிவு அது. பலருக்கு இது தெரியாது.

மைதானமே போய்விட்டால்?

மிகையான கற்பனை இல்லை இது. சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸின் சுமார் 160 ஏக்கர் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் அந்த ரேஸ் கோர்ஸுக்கு உள்ளேதான் இருந்தது. குத்தகை நிலத்தில் நடக்கும் கிளப்பில் மூன்று வருஷக் கடன் வாங்கிச் சேர்பவர், அந்த மூன்று வருஷமும் மைதானம் இருக்கும் என்று தன் பணத்தைப் பந்தயம் கட்டுகிறார்.

சேவை தருபவர் ஒருவர், கடன் கொடுப்பவர் இன்னொருவர் என்ற இதே சிக்கலைப் பைஜூஸ் விவகாரத்தில் பெற்றோர் பார்த்தார்கள். பாடத்திட்டம் வேண்டாம் என்றாலும் லோன் ஓடிக்கொண்டிருந்தது என்பது பலரின் புகார். கடன் ஒப்பந்தங்களில் பெற்றோரைச் சிக்கவைப்பதாக வந்த புகார்கள் குறித்து, 2022 டிசம்பரில் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை ஆஜராகச் சொன்னது.

பிரிட்டனில் இதற்கு 1974-ம் ஆண்டிலேயே ஒரு வழி செய்துவிட்டார்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளதை கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவர் ஏமாற்றினால், கார்டு கொடுத்த வங்கியும் சேர்ந்து பொறுப்பு. இந்தியாவில் அப்படி நேரடியான சட்டப் பிரிவு இல்லை. இருக்க வேண்டும்.

10 சதவீதம் எப்படி 18 ஆகிறது?

ஒரு கணக்கு. இது உதாரணத்துக்கு எடுத்த தொகைதான், எந்தக் கிளப்பின் கட்டணமும் இல்லை. நுழைவுக் கட்டணம் ரூ.5 லட்சம், ஜிஎஸ்டி-யுடன் ரூ.5.90 லட்சம். மூன்று வருஷத் தவணை.

ஒருவர் 15 சதவீதம் என்கிறார், ஆனால் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி. மாதம் சுமார் ரூ.20,450. மொத்த வட்டி சுமார் ரூ.1.46 லட்சம்.

இன்னொருவர் "வெறும் 10 சதவீதம்தாங்க" என்கிறார், ஆனால் அது பிளாட் வட்டி. அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் மூன்று வருஷமும் வட்டி. மாதம் சுமார் ரூ.21,300. மொத்த வட்டி ரூ.1.77 லட்சம். உண்மையான ஆண்டு வட்டி கிட்டத்தட்ட 18 சதவீதம்.

பத்து என்று கேட்டவர் பதினைந்தைவிட அதிகம் கட்டுகிறார். மாதாந்திர சந்தாவும் கேடி செலவும் இதற்கு மேல்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்றால்? பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே இல்லை, அது ப்ராசஸிங் கட்டணம் போன்ற வேறு பெயரில் வாடிக்கையாளர் தலையில்தான் விழுகிறது என்ற பொருளில் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளை எச்சரித்தது. கண்டுபிடிக்க எளிய வழி, "மொத்தமா கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்பது. குறைக்கும் அந்தத் தொகைதான் மறைந்திருக்கும் வட்டி. கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வரும்.

கொங்கு ஊர்களில் இதற்கு வேறு வழியும் பழக்கத்தில் உண்டு. பதிவு பெற்ற ஏலச்சீட்டில் சேர்ந்து, எடுத்த பணத்தில் மொத்தமாகக் கட்டிவிடுவது. அங்கேயும் தள்ளு உண்டு. சீட்டு நடத்துபவரின் கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை போகலாம். இலவசம் இல்லை, ஆனால் கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

கையெழுத்துக்கு முன்னால்

கடன் என்று தெரிந்துவிட்டால் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லா சில்லறைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை கொடுத்தாக வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி, ஆகவே தமிழில் கேட்கலாம். சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் மாறக் கூடாது. "ஆஃபர் இன்னைக்கு மட்டும்தாங்க" என்ற அவசரம் கிளப்பின் தள்ளுபடிக்குப் பொருந்தலாம், கடனுக்குப் பொருந்தாது. ஆனால் கிரெடிட் கார்டு பாக்கிக்கு இந்த விதி பொருந்தாது.

ஆப் வழியாக வாங்கிய டிஜிட்டல் கடனில், குறைந்தது ஒரு நாளாவது அபராதம் இல்லாமல் பின்வாங்கும் அவகாசம் உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. பின்வாங்குவது என்றால் அசலைத் திருப்பிக் கட்டுவது. அசல் ஏற்கனவே கிளப் கணக்குக்குப் போயிருக்கும். கிளப் அதைத் திருப்பித் தருமா என்பது கிளப்பின் விதியில் இருக்கிறது, கடன் ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் கடன் படிவத்துக்கு முன்பே கிளப்பின் ரீஃபண்ட் விதியை எழுத்தில் வாங்குவது முக்கியம்.

தகராறு வந்தால் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும். சேவை பற்றிய புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடன் பற்றிய புகாரை முதலில் வங்கி அல்லது நிதி நிறுவனத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், உதவி எண் 14448. ஓம்புட்ஸ்மேன் கடன் கொடுத்தவரை மட்டுமே கேள்வி கேட்பார், கிளப்பை அல்ல.