குளக்கட்டைக் காப்பீர், வானை உயர்த்தாதீர்

வரண்ட பிரதேசக் கமக்காரருக்குக் குளமே உயிர். குளத்துக்கோ அதன் கட்டே உயிர். இதனை அறியாதார் இலர். எனினும், மாரி முடியுங் காலத்திற் குளம் வான் பாயக் கண்டதும், அந்நீரை மறித்தாற் சிறுபோகத்துக்கு உதவுமென எண்ணி, வானின்மேல் மண்மூட்டைகளையும் மரக்குற்றிகளையும் அடுக்குவோர் உளர். இவ்வழக்கம் அறவே கைவிடப்படல் வேண்டும்.

வான் வழியே செல்லும் நீர் வீணாவதன்று. அது கட்டின் பாதுகாப்புக்காகக் கொடுக்கப்படும் விலையாகும். வானின் மட்டத்துக்கும் கட்டின் உச்சிக்கும் இடையேயுள்ள உயரம் பெருவெள்ளத்துக்கென ஒதுக்கப்பட்டது. வானை ஓரடி உயர்த்தினால் அவ்வொதுக்கில் ஓரடி குறைகிறது. பின்னர் ஓர் இரவிற் பெருமழை கொட்டுமாயின், நீர் கட்டின் மேலாகப் பாயும். மண்கட்டு அதனைத் தாங்காது. வெளிச்சரிவு அரிக்கப்பட்டுச் சில மணி நேரத்திற் கட்டு உடைந்துவிடும். அவ்வெள்ளம் கீழேயுள்ள குளத்தையும் உடைத்தல் கூடும். 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் நாச்சதூவக் குளமும் வேறு பல குளங்களும் உடைந்தமை முதியோர் அறிந்ததே.

கட்டு உடைவதற்கு வெள்ளம் மட்டுமே காரணமன்று. பருவமழை கழிந்த சித்திரை மாதத்தில், 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி, கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டினுள்ளே மறைவாக ஊறும் நீர், வெள்ளத்திலும் கொடியது. கறையான் புற்றும் எலிவளையும் அதற்கு வழி திறக்கின்றன. கட்டில் வளர்ந்த மரம் பட்டுப்போனால், உக்கிய வேர் இருந்த இடமே நீர் செல்லும் குழாயாகிவிடும். துருசின் ஓரமாகவும் நீர் கசிதல் உண்டு. கசியும் நீர் தெளிவாயிருப்பின் அதனைக் கவனித்து வரல் வேண்டும். கலங்கலாயிருப்பின் கட்டின் மண் கரைகிறதென அறிக. அப்பொழுது தாமதமின்றித் துருசைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்துவதுடன், உரிய உத்தியோகத்தருக்கு அறிவித்து, கீழேயுள்ள குடிகளையும் எச்சரித்தல் வேண்டும்.

ஆகவே, ஆடி, ஆவணி மாதங்களிற் குளம் வற்றியிருக்கும்போதே திருத்த வேலைகளைச் செய்தல் நன்று. பற்றைகளையும் இளமரக் கன்றுகளையும் அகற்றி, அறுகம்புல்லை வளரவிடுக. புற்றுகளையும் வளைகளையும் அடிவரை தோண்டி, களிமண்ணை ஆறங்குலப் படைகளாக இட்டு ஈரத்துடன் இடித்து இறுக்குக. மாடுகளும் வண்டிகளும் ஏறித் தாழ்ந்த இடங்களை உயர்த்துக. வானை அடைத்து நிற்கும் செடிகொடிகளை நீக்குக. கூடுதலான நீர் வேண்டுமாயின், குளத்திற் படிந்த வண்டலை அகற்றுவதே முறை. ஆனாற் கட்டின் அடியை ஒட்டி மண் வெட்டலாகாது.

இவ்வேலை அரசாங்கத்தினதே எனக் கருதுதல் தவறு. 1832ஆம் ஆண்டில் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபின், கட்டாய உழைப்பு நீங்கியது நன்மையேயாயினும், பொதுவேலையைக் கவனிப்பாரின்றிப் பல குளங்கள் பாழடைந்தன. அதனாலேயே 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், பழைய கூட்டு வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளிக்க முற்பட்டது. இன்று 80 ஹெக்டயருக்குட்பட்ட வயல்களுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளன. ஆயினும், நாள்தோறும் கட்டிலே நடப்பவர் கமக்காரரேயாவர். பெரும்போகத்துக்கு முன்னான பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், விதைப்புத் திகதியுடன் கட்டு வேலையின் பங்கையும் ஒவ்வொருவருக்கும் குறித்தல் வேண்டும்.

வான் பாயும் நீரை இழந்தால் ஒரு சிறுபோகம் குறையலாம். கட்டை இழந்தாலோ வயலும் வீடும் உயிரும் ஒருங்கே போகும்.