ஓர் எழுத்துப் பிழையும் பொன்மலைச் சரிவும்

லெட் செப்பலின் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது இடியோசைதான்: ஜான் போனமின் முரசதிர்வு, ஜிம்மி பேஜின் மின்கிதார், ராபர்ட் பிளான்ட்டின் உச்சக் குரல். அந்தப் புகழில் எனக்குப் பிணக்கில்லை. ஆயினும் இக்குழுவை நான் இத்தனை ஆண்டுகளாக விடாமல் கேட்டுவருவது அதன் முழக்கத்துக்காக அன்று. அதன் தணிந்த குரலுக்காக.

1970இல், ஓயாத இசைப் பயணங்களால் களைத்த பேஜும் பிளான்ட்டும் வேல்ஸ் நாட்டு மலைப்பகுதியில் மின்சாரமோ குழாய்நீரோ இல்லாத ஒரு சிறு வீட்டில் சென்று தங்கினர். அவ்வீட்டின் பெயர் ‘ப்ரான்-எர்-ஐர்’. வேல்சு மொழியில் பொன்மலைச் சரிவு என்று பொருள் கொள்ளலாம். அங்கே அக்கூஸ்டிக் கிதாருடன் உருவான பாடல்கள் அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டுக்கு உரமாயின. அதன் இரண்டாம் பக்கம் ஏறத்தாழ முழுவதும் நாட்டார் இசையின் சாயல் கொண்டது. வீட்டின் பெயரைத் தாங்கிய பாடலில், முரசுக்குப் பேர்போன போனம் கரண்டிகளைத் தட்டித் தாளமிடுகிறார். ‘கேலோஸ் போல்’ பாடலோ தூக்குமேடையில் நிற்பவர் உறவினருக்காகக் காத்திருக்கும் பழங்கதை. மரபு வடிவங்கள் பலவற்றில் காதலர் வந்து மீட்கிறார். இவர்கள் வடிவத்தில் தூக்கிலிடுபவன் கையூட்டையும் பெற்றுக்கொண்டு உயிரையும் பறிக்கிறான். அன்றைய விமர்சகர் பலர் இத்தட்டை முகஞ்சுளித்தே வரவேற்றனர். எனக்கோ, இக்குழுவின் ஆழம் புலப்படும் இடம் இதுவே.

மொழியியல் மாணவனாக எனக்கு இன்னொரு இன்பமும் உண்டு. அத்தட்டில் அவ்வீட்டின் பெயர் ‘ப்ரான்-எ-ஐர்’ என்று பிழையாக அச்சாகியிருக்கிறது. வேல்சு மொழியின் சுட்டிடைச்சொல் மெய்யெழுத்துக்கு முன் ‘எ’ என்றும் உயிரெழுத்துக்கு முன் ‘எர்’ என்றும் வரும். நம் ‘ஒரு’, ‘ஓர்’ போல. 1975இல் ‘பிசிக்கல் கிராஃபிட்டி’யில் இடம்பெற்ற இரண்டு நிமிடக் கிதார் இசைக்கு அதே பெயர் பிழையின்றி அமைந்தது. அவ்விசையில் பாட்டில்லை, முரசில்லை. அதைக் கேட்ட பின்னரே இவர்களின் பேரோசைக்கும் பொருள் விளங்குகிறது.

ஆனால் அன்பு கண்ணை மறைக்கலாகாது. இதே நாட்டார் பற்றில் ஒரு குறையும் இருக்கிறது. 1969இல் வந்த முதல் தட்டின் ‘பேப், ஐ’ம் கோனா லீவ் யூ’ பாடலில் மூலம் ‘மரபுப் பாடல்’ என்றே குறிக்கப்பட்டது. உண்மையில் அதை இயற்றியவர் ஆன் ப்ரெடன் என்ற பெண்மணி. அப்போது உயிருடன் இருந்தவர். அவர்கள் பாடலைக் கற்ற ஜோன் பயேஸின் தட்டிலேயே அப்பிழை இருந்தது என்பது உண்மைதான். ஆயினும் ப்ரெடனின் பெயர் லெட் செப்பலின் தட்டில் ஏற 1990 ஆயிற்று.

இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. களப்பணிக்குச் சென்று பிறர் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்யும் நாமும், பாடிக்கொடுத்த பாட்டியை ‘தகவலாளி 7’ என்றும் பாட்டை ‘வழக்காறு’ என்றும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம். சிலர் பெயர் வேண்டாம் என்பர், அது வேறு. கேட்காமலேயே நீக்குவதற்கு நெறி என்று பெயரிடலாகாது. மரபு என்ற சொல் பெருமைக்குரியதுதான்; ஒருவரின் பெயரை மூடும் போர்வையாக அது மாறிவிடக் கூடாது.

இன்றிரவு நேரம் வாய்த்தால் அந்த மூன்றாம் தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். ஒலியைக் குறைத்தே வையுங்கள், போதும்.