சைலன்சரோடு செலவு நிற்காது

அனந்தபுரம், செஞ்சி கடைவீதிகளில் நம் பிள்ளைகள் புல்லட்டுக்கு அதிரும் சைலன்சர் மாட்டுகிறார்கள். காசு கொடுப்பது நாம்தானே? தராசில் ஒரு தட்டை மட்டும் மாற்றினால் எடை சரியாக நிற்குமா? எஞ்சினும் அப்படித்தான். புகை தாராளமாக வெளியேறினால் உள்ளே காற்று கூடும். அதற்கேற்ற பெட்ரோல் போகாவிட்டால் சூடேறும், இழுவை குறையும். கார்புரேட்டர் வண்டிக்குப் பெரிய ஜெட் போட வேண்டும். பியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியானால் கம்ப்யூட்டர் கணக்கையே திருத்த வேண்டும். இத்தனை செலவு செய்து டியூனிங் முடித்தாலும் சத்தம் குறையாது. ஒலி வரம்பை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கடை வண்டிக்கு வேண்டியது மூட்டையை இழுக்கும் சக்தி, சத்தமல்ல. கம்பெனி சைலன்சரையே திரும்ப மாட்டச் சொல்வோம். அதுவே லாபம்.